கரண்ட் எப்போ வரும் என்று கேட்டவன்

1.
இப்போது உள்ள ஜனங்களுக்குக் கையில் ஒரு முத்திரைக் காகிதம் கிடைத்தால் போதும், தலைகால் புரிவதில்லை. அது தங்களைக் காப்பாற்றுமாம். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். காகிதத்தைவிட, கொடுத்தவன் மூஞ்சியைத்தான் பார்ப்பேன்.

இந்தக் கதையே அப்படி ஒரு காகிதத்தால் வந்ததுதான். தொண்ணூற்றைந்தாம் வருஷம், ரங்கூனில் ஒரு கல்லூரி, புது மாணவர் வரவேற்பு விழா. மைக் செட் என்னுடையது.

2.
முதலில் இப்படித் தொடங்கினேன்: "மேடையில் அழகிய மங்கை ஒருத்தி..."

[அடித்துவிட்டேன். மங்கையுமில்லை, ஒன்றுமில்லை. என் தங்கச்சி ஜெயம்மா மகன் உதயசூரியன். அதுவும் அவன் நிஜப் பெயரில்லை.]

நாடகத்தில் ரேவதி என்கிற பெண் பேசவேண்டிய வசனம்: "ஏங்க, கரண்ட் எப்போ வரும்?" நாடகத்தை மேலிடம், அதாவது அரசாங்கத் தணிக்கை, படித்து முத்திரை குத்தியது. அவளுக்குக் காய்ச்சல். உதயன் தமெய்ன்* கட்டி, கொண்டையில் பூ வைத்து, ஒத்திகையில் ஆடிவிட்டு அதையே பேசினான். பாதி நாள் கரண்ட் வராத ஊர், கூடம் விழுந்து விழுந்து சிரித்தது. பொறுப்பு வாத்தியார் ஊ டின் சோ மட்டும் சிரிக்கவில்லை.

(*பர்மாப் பொம்பளைகள் கட்டும் லுங்கி. கொடியில் காய்ந்தால் அதன் அடியில் ஆம்பளை போகமாட்டான், மகிமை போய்விடுமாம். விழாவில் முன்வரிசையில் உட்காரப்போவது ராணுவத்துப் பெரியவர். ஆனால் அதே மேடையில் பெண்பிள்ளைகள் ஆடியபோது யாருக்கும் மகிமை ஞாபகம் வரவில்லை.)

3.
வாத்தியார் பேசியது பர்மாப் பாஷையில். தமிழில் எழுதுகிறேன், 'சயா' (வாத்தியார்) மட்டும் அப்படியே.

"ஆடிக்கோ. வாயைத் திறக்காதே."

"சயா, நீங்க அனுமதிச்ச வசனந்தானே? ஒரு எழுத்துகூட மாத்தல."

"பொண்ணு கேட்டா வீட்டுக் கேள்வி. இந்த வேஷத்துல நீ கேட்டா மேலிடத்தைக் கேலி பண்றது. பேசினே, கல்லூரியில உன் பேர் இருக்காது."

என் பக்கம் திரும்பினார். "மைக் செட்காரரே, இவன் வாயைத் திறந்தா மைக்கை அடைச்சிடணும்."

அவர் போனதும் உதயன், "முத்திரை குத்தியிருக்கில்ல மாமா? என்ன செஞ்சிடுவாங்க?" என்றான்.

"முத்திரை காகிதத்து மேலடா இருக்கு. உன் முதுகு மேலயா இருக்கு?"

"அப்போ ஊமையா ஆடிட்டு இறங்கணுமா?"

"பேர் போச்சுன்னா உங்கம்மாகிட்ட போய் நீயே சொல்லிக்கோ."

"சரி, பூ நேரா இருக்கா பாருங்க."

4.
சாயங்காலம் விழா. கரண்ட் இல்லை, ஜெனரேட்டர்தான். பெரியவர் வந்து உட்கார்ந்தார். உதயன் ஆடி முடித்து மைக் முன்னால் நின்றான். என் விரல் திருகில். வாத்தியார் கண் என் விரலில்.

முடிவு ஒன்று: பேசினான், பெரியவரும் சிரித்தார். [பொய். கைதட்டுக்காக எழுதினது.]

முடிவு இரண்டு: நான் மைக்கை அடைக்க, அவன் வெறுந்தொண்டையில் கத்... [வேண்டாம். வீரன் கதை ஆகிவிடும்.]

முடிவு மூன்று: கும்பிட்டு இறங்கினான், பட்டம் வாங்கினான். [ஜெயம்மாவுக்குப் பிடிக்கும்.]

5.
நடந்தது எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். இதுவும் மேலிடம் படித்த பிறகுதான் அச்சாகும். உதயன் இன்னும் இதே ஊரில் இருக்கிறான்.

எங்கள் தமிழ்ச் சங்கத்து மலரில் இதைப் போடப்போகும் முத்து முகம்மது, "கதைதானே அண்ணே, கதையை யார் கேக்கப்போறா?" என்கிறார். அவர் நல்ல மனுஷன். அதற்காக நம்பிவிட முடியுமா?

அவன் வாயைத் திறந்தானா, நான் திருகினேனா என்று நீங்களே ஒரு முடிவுக்கு வாருங்கள். வந்ததை மனசோடு வையுங்கள், டீக்கடையில் சொல்லாதீர்கள். சொல்லத்தான் போகிறீர்கள். நான் எழுந்து போகிறேன்.