பிரிசில்லா பேசும் சேனல்

என் மனைவி பிரிசில்லாவுக்குக் கடவுள் வாயை நன்றாகத்தான் கொடுத்திருக்கிறார். என்னைத் திட்டும்போது ஒரு சொல்கூடத் தடுக்காது. கையில் வாக்கிடாக்கியைக் கொடுத்தால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். வேலையோ கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டியில் மேனேஜர். முன்பெல்லாம் கார்டு என்பார்களே, அது. அவள் "ஆல் ரைட்" சொன்னால்தான் முன்னால் இன்ஜினில் இருக்கும் டிரைவர் வண்டியை எடுப்பார்.

பயிற்சி முழுக்கத் திக்கினாள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தடவையாகத் தனியாக வண்டி ஏறினாள்.

"இன்னிக்கும் வாய் வரலன்னா எழுதிக் குடுத்துட்டு ஆபீஸ் வேலைக்குப் போய்டுவேங்க. நீங்க அந்தப் பெட்டியத் தொடவே கூடாது. நீங்க கேக்குறீங்கன்னு நெனச்சாலே எனக்கு ஜாஸ்தியாத் திக்கும்."

நான்கு வருடம் பரீட்சை எழுதிப் பிடித்த வேலை அது. 

அந்தப் பெட்டி என்றது, வாக்கிடாக்கிப் பேச்சையெல்லாம் பிடிக்கும் என் ரேடியோ ஸ்கேனரை. ஆம்பூரில் ஷூ கம்பெனி சூப்பர்வைசரான எனக்கு இருக்கும் ஒரே கெட்ட பழக்கம், காற்றில் யார் யாரோ பேசுவதைத் தேடிப் பிடித்துக் கேட்பது.

கூடாது என்றால் கேட்கிற ஆளா நான்? ஸ்கேனரோடு மொட்டை மாடி ஏறினேன். எதிரிலேயே தண்டவாளம். ரயில்வே எந்த அலைவரிசை எண்ணில் பேசுகிறது என்று அவள் சொன்னதே இல்லை. ஒவ்வொரு எண்ணாக நகர்த்தினேன். ஓர் இடத்தில் தோல் கம்பெனி வாட்ச்மேன்: "லாரிய உள்ள வுடலாமா?" இன்னோர் இடத்தில் கல்யாண மண்டபம்: "பிரியாணி கம்மியா கீது பாய், மாப்ள வூட்டுல சொல்லிடாத." வேறு நாளாக இருந்தால் அங்கேயே உட்கார்ந்திருப்பேன். அப்புறம் ஒரு மணி நேரம் வெறும் இரைச்சல்.

அப்போது ஒரு கூட்ஸ் வந்து ஒதுங்கி நின்று எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டது. நான் இன்னும் ஓர் எண் தள்ளினேன்.

"மேனேஜர் மேடம், சிக்னல் பச்ச வுழுந்துடுச்சு. ரைட்டா?"

டிரைவரின் குரல். ஸ்கேனரைக் காதோடு ஒட்டிக்கொண்டேன்.

"மேடம், இருக்கீங்களா?"

"ஆ... ஆ... ஆல் ரைட்."

திக்கியது, ஆனால் வந்துவிட்டது! எனக்குத் தலைகால் புரியவில்லை. கையில் கிடைத்ததை எடுத்துத் தலைக்கு மேல் சுழற்றினேன். கம்பெனியில் கழித்துப்போட்ட தோல் துண்டு. நல்ல சிவப்பு.

தண்டவாளத்தின் பக்கத்தில் சிவப்பை ஆட்டினால் என்ன ஆகும் என்று ரயில்காரியின் புருஷனுக்குத் தெரிய வேண்டாமா? நகர ஆரம்பித்த வண்டி கிறீச்சிட்டு நின்றது.

"மேடம், மாடில ஒரு ஆளு செவப்பு காட்றாரு! லைன்ல எதுனா இருக்குதா?"

தோலை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். அவள் வேலைக்கு நானே உலை வைத்துவிட்டேனே! இப்போது அவள் பேசியே ஆக வேண்டும், அதுவும் நிறையப் பேச வேண்டும்.

"லைன்ல ஒண்ணும் இல்ல சார். நான் எட்டிப் பாத்துட்டேன். அது எங்க வூட்டுக்காரரு. ஸ்டேஷனுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். மெதுவா எடுங்க, ஆல் ரைட்."

ஒரே மூச்சு. ஓர் எழுத்துகூடத் தடுக்கவில்லை. கோபம் வந்துவிட்டால் பிரிசில்லாவுக்கு வாக்கிடாக்கியும் ஒன்றுதான், வீட்டுச் சமையலறையும் ஒன்றுதான்.

கடைசிப் பெட்டி எங்கள் வீட்டைத் தாண்டியது. பச்சைக் கொடியோடு நின்றவள், மாடியில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த என்னை ஒரே ஒரு தடவை பார்த்தாள். பிறகு ஸ்கேனரில் குரல் வந்தது.

"ஏங்க, கேட்டுட்டுத்தான இருக்கீங்க? அழாதீங்க. கீழ போய்ச் சாப்புடுங்க."