பத்தாம் நாளில் நிறுத்திய மாத்திரை

நரம்புச் செல்கள் ஒன்றோடொன்று பேசும் விதத்தைக் கரைத்துக் குடித்தவள் என்று பெங்களூரில் பெயரெடுத்த நாகரத்னா, தன் மனச்சோர்வு மாத்திரையைப் பத்தாம் நாளோடு நிறுத்திவிட்டாள். அதை எழுதிக்கொடுத்த மருத்துவர் சுகன்யாவுக்கு போன் போட்டுச் சொல்லவும் செய்தாள். கல்லூரிக் காலத்துத் தோழி ஆயிற்றே, சும்மா இருப்பாளா? அரை மணியில், அரிசி மாவில் தட்டிய அக்கி ரொட்டிப் பொட்டலத்தோடு ஆய்வுக்கூடத்துக்கே வந்துவிட்டாள்.

"சாப்பிட்டியாடீ?"

"பசிக்கல. இங்க பாரு."

நுண்ணோக்கியின் அடியில், உப்பு நீரில், எலி மூளையின் மெல்லிய சீவல் ஒன்று இருந்தது. நாகரத்னா அதில் அதே மருந்தை விட்டாள். சற்று நேரத்தில் திரையில் செல்களின் சமிக்ஞையைக் காட்டும் கோடு மேலே எழும்பியது.

"பாத்தியா? பத்தே நிமிஷம். எனக்குப் பத்து நாளாச்சு, குமட்டலும் படபடப்பும்தான் மிச்சம். என் மூளைகிட்ட இது பலிக்கல. தெரிஞ்சும் எதுக்கு முழுங்கணும்?"

படித்தவர்களின் பிடிவாதத்துக்கு ஆதாரமும் கிடைத்துவிட்டால் பிரம்மனாலும் அசைக்க முடியாது. சுகன்யா சண்டைக்குப் போகவில்லை.

"இந்தச் சீவல் எத்தனை நேரம் உயிரோட இருக்கும்?"

"ஆறு மணி நேரம். மிஞ்சிப்போனா எட்டு."

"அப்ப நாலாவது வாரத்துல என்ன நடக்கும்னு இது எப்படிச் சொல்லும்? சமிக்ஞை கூடினதும் அனுப்புற செல்லே மிரண்டு கையைச் சுருக்கிக்கும், அது தெளிஞ்சு மருந்து பலிக்க வாரக்கணக்காகும்னு என்கிட்ட டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைங்களுக்கு வகுப்பெடுத்தது யாரு, மகராசி? உன் மண்டை மட்டும் விதிவிலக்கா?"

நாகரத்னாவுக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே அது அழுகையாகிவிட்டது. அவளுக்கு எல்லாம் தெரியும்தான். தெரிந்த எதுவும் தனக்கு உதவவில்லை என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

"நாலு வாரமா? நாளைக்கு விடியறதே வேண்டாம்னு இருக்கு, சுகி."

சுகன்யா நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். "செத்துடலாம்னு தோணுதா?"

நாகரத்னா தலையசைத்தாள். இதுவரை யாரிடமும் அவள் இதை ஒப்புக்கொண்டதில்லை.

"சொன்னியே, அது போதும். இன்னிலேருந்து எங்க வீட்டுலதான் இருக்கே. மாத்திரை என் கையிலதான் இருக்கும்."

"அப்பவும் பலிக்கலேன்னா?"

"வேற மருந்து பாப்போம். எந்த மருந்தா இருந்தாலும் அது வேலை செய்ய நீ உயிரோட இருக்கணும், நாகா. என் கையில இன்னும் எத்தனையோ மருந்து இருக்கு. நீ போயிட்டா உன்னை நான் எங்க போய்த் தேடுவேன்?"

நாகரத்னா கையை நீட்டினாள். சுகன்யா தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த அன்றைய மாத்திரையைத் தண்ணீருக்குக்கூடக் காத்திராமல் விழுங்கினாள்.