இடதுபக்கப் பை

மொட்டைமாடியின் கைப்பிடிச் சுவரைத் தாண்டி ஒரு காலைப் போட்டாகிவிட்டது. அடுத்த காலையும் எடுக்கும்போதுதான், கயிற்றில் தொங்கிச் சுவரோடு ஒட்டி வேலை செய்வதால் 'பல்லி' என்றே பெயராகிவிட்டவனின் கை, வழக்கம்போல் நெஞ்சின் இடதுபக்கம் போய்த் தட்டிப் பார்த்தது.

பை இல்லை. பனியனில் ஏது பை?

போட்ட காலைத் திரும்ப எடுத்துக்கொண்டான்.

இருபத்திரண்டு மாடிக் கட்டடம். நான்கு மாடி கீழே, கண்ணாடி துடைக்கிறவர்கள் நின்று வேலை செய்யும் இரும்புத் தொட்டில் செங்குத்தாகத் தொங்கியது. அதைத் தாங்கிய இரண்டு கம்பிவடங்களில் ஒன்று அறுந்து, காற்றில் சவுக்கு மாதிரி சுவரை அடித்துக்கொண்டிருந்தது. தொட்டிலின் விளிம்பில், இடுப்புப் பட்டையில் தொங்கினான் பல்லியின் மச்சினன். மனைவியின் ஒரே தம்பி. பட்டையின் கொக்கியைத் தனிக் கயிற்றில் மாட்டாமல், அவசரத்தில் தொட்டிலிலேயே மாட்டித் தொலைத்திருந்தான். தொட்டில் போனால் அவனும் போவான்.

மிச்சமிருந்த வடம் இழை இழையாகப் பிரிந்துகொண்டிருந்தது. ஒவ்வோர் இழைக்கும் ஒரு 'டிங்'.

"ஏன்யா நின்னுட்ட?" சூப்பர்வைசரின் குரல் கிறீச்சிட்டது. "தீயணைப்பு வண்டி வர இருபது நிமிஷம் ஆகுமாம். அதுவரைக்கும் வடம் தாங்காது. கயித்துல இறங்க உன்னை விட்டா இங்க ஆள் இல்ல."

தெரியும். அதற்காகத்தானே விடுமுறை நாளில், போட்ட பனியனோடு, பத்து நிமிடத் தூரத்தை ஆறே நிமிடத்தில் பறந்து வந்திருந்தான்.

"புக் இல்ல சார்."

சூப்பர்வைசர் அவனையே பார்த்தார். எந்தப் புத்தகம் என்று கேட்கவில்லை. கம்பெனியில் எல்லாருக்கும் தெரியும். ஜிப் வைத்த கறுப்பு உறைக்குள் உள்ளங்கை அளவு பைபிள். ஞானஸ்நானம் எடுத்த அன்று அவன் அம்மா கொடுத்தது. பதினாறு வருடமாக இடதுபக்கப் பையைவிட்டு நகர்ந்ததில்லை. இறங்கும்முன் அதன்மேல் இரண்டு தட்டு. அவனுடைய ஜெபம் அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை வசனமெல்லாம் சபையில் திரையிலேயே வந்துவிடும்.

வீட்டுக்குப் போன் போட்டான்.

"தம்பி எப்படி இருக்கான்?" மனைவியின் குரல் உடைந்திருந்தது.

"தொங்கிட்டிருக்கான். நீ உடனே மேஜை மேல இருக்கிற புக்கை எடுத்துக்கிட்டு வா. பக்கத்து வீட்டுக்காரர் வண்டியில வந்தா பத்து நிமிஷம்."

கீழே இன்னோர் இழை. டிங்.

"கேக்குதா? புக்."

"கொண்டு வரமாட்டேன்."

"என்ன?"

"அதுக்காக நிக்காதீங்க. இறங்குங்க."

"பைத்தியமா உனக்கு? அது இல்லாம ஒரு நாள்கூட நான் இறங்கினதில்ல."

மறுமுனையில் ஏதோ சொல்ல வாயெடுத்து விழுங்கின மாதிரி ஒரு சத்தம். பிறகு, மெல்ல:

"ஒண்ணு கேக்குறேன். ஆண்டவர் உங்ககூட அங்க இருக்காரா, இல்ல இங்க மேஜை மேல இருக்காரா?"

போன் துண்டிக்கப்பட்டது.

டிங்.

"மாமா..." கீழேயிருந்து மச்சினன். அழுகையை அடக்கிக்கொண்டு பேசினான். "வர்றீங்களா, இல்ல நான் லிஃப்ட்ல வந்துடட்டுமா?"

அவன் மணிக்கட்டில் சிவப்புக் கைக்குட்டை தெரிந்தது. ராசியான கைக்குட்டையாம். போன வாரம்தான் பல்லி அதைப் பிடித்து இழுத்து, எல்லார் முன்னாலும் கேட்டிருந்தான்: "ஏன் மாப்ள, துணிக்குக் காது கேக்குமா? ஆண்டவர்கிட்ட கேக்க வேண்டியதை இதுகிட்ட கேக்குறியே."

எல்லாரும் சிரித்தார்கள். பல்லிதான் அதிகம் சிரித்தான்.

இப்போது அதே கேள்வி திரும்பி வந்து அவன் முகத்துக்கு நேரே நின்றது. ஜிப்புக்குக் காது கேக்குமா?

சுவரைத் தாண்டினான்.

காற்று அவனைத் தூக்கிக் கண்ணாடியில் அறைந்தது. கண்ணாடிக்குள் தெரிந்த முகம் தன்னுடையது என்று நம்பவே ஒரு கணம் பிடித்தது. அப்படி வெளிறியிருந்தது. உள்ளங்கை வியர்த்துக் கயிறு வழுக்கியது. இரண்டு முறை கை தானாக நெஞ்சுக்குப் போய், பனியனைத் தடவிவிட்டு, அநாதை மாதிரித் திரும்பியது.

"ஆண்டவரே," என்றான். "உங்க இடத்துல அதை வச்சிருந்தேன். என்னை மன்னிச்சிடுங்க. இப்போ என்கிட்ட ஒண்ணுமில்ல. நீங்க மட்டும்தான். நீங்க போதும்னு சொல்ற தைரியம்கூட இல்ல. பயமா இருக்கு. கூட வாங்க."

பயம் போகவில்லை. ஆனால் கால்கள் இறங்கின.

டிங். டிங்.

பதினெட்டாவது மாடி. மச்சினனின் உதட்டில் ரத்தம். கண் இரண்டும் பெரிதாகிவிட்டிருந்தன.

"கீழ பாக்காத. என் மூஞ்சியப் பாரு."

"அதைப் பாத்தாதான் மாமா பயமா இருக்கு."

பல்லி தன் பட்டையோடு அவனைப் பிணைத்தான். தொட்டிலில் மாட்டியிருந்த கொக்கியைக் கழற்ற முயன்றான். எடை தாங்கி இறுகிப்போயிருந்தது. கத்தியை எடுத்து, கொக்கியையும் மச்சினனின் பட்டையையும் இணைத்த வாரை அறுக்கத் தொடங்கினான். பாதி அறுந்தபோது தலைக்கு மேலே தொடர்ச்சியாகச் சத்தம். டிங், டிங், டிங். பல்லைக் கடித்து ஒரே இழுப்பு. வார் அறுந்தது. மச்சினனின் முழு எடையும் அவன் இடுப்பில் விழுந்த அதே நொடியில், தொட்டில் அவர்கள் தோளை உரசிக்கொண்டு கீழே போனது.

ஆளில்லாத தரையில் அது விழுந்த சத்தம், நெடுநேரம் கழித்து வந்த மாதிரி இருந்தது.

ஒரே கயிற்றில் இருவரும் இறங்கினார்கள். தரையைத் தொட்டதும் மச்சினனின் உதட்டைத் தைக்க ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் இன்னும் இருந்தது. மனைவி தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதாள். உதட்டில் தையலோடு அவன், "அக்கா, மெதுவா. ஒரு தடவை தப்பிச்சுட்டேன், நீ கொன்னுடாத," என்றான். மணிக்கட்டில் கைக்குட்டை இல்லை.

புத்தகம் மேஜைமேல் அப்படியே கிடந்தது.

பல்லி அதன் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "இனிமே இதைப் பையில வச்சுக்கிட்டுத் தட்டப் போறதில்ல," என்றான். "படிக்கப் போறேன். தினமும், வேலைக்குக் கிளம்புறதுக்கு முன்னால. இன்னிக்கே ஆரம்பிக்கிறேன்."

மனைவியின் அழுகை சட்டென்று நின்றது.

"இப்பவேவா?"

"ஏன்?"

அவள் முகத்தில் இருந்தது பயம். பத்து நிமிடத் தூரத்தில் தம்பி தொங்கியபோது அவள் குரலில் கேட்டதே, அதே பயம். அவன் ஜிப்பின் முனையைப் பிடித்தான். துருவேறியிருந்தது. இரண்டு முறை இழுக்க வேண்டியிருந்தது.

உள்ளே, உறைக்குத் தகுந்தபடி கத்தரித்து வைத்திருந்தது வாஷிங் மெஷினோடு வந்த கையேடு.

புரட்டினான். துணிகளை நிறவாரியாகப் பிரிக்கவும் என்றது. சட்டைப் பைகளைச் சோதித்த பிறகே உள்ளே போடவும் என்றது.

"மெஷின் வாங்கின முதல் வாரம்," என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி. "உங்க சட்டையோட சேர்த்துப் போட்டுட்டேன். உங்கம்மா குடுத்ததாச்சே, சொல்ல பயமா இருந்துச்சு. உறை மட்டும்தான் மிஞ்சிச்சு. ஒரு நாளைக்குச் சமாளிப்போம், ராத்திரி படிக்கத் திறந்ததும் கண்டுபிடிச்சுத் திட்டுவாருன்னு நினைச்சேன்."

நிமிர்ந்தாள்.

"பதினாலு மாசமா அந்தத் திட்டுக்குத்தாங்க காத்துக்கிட்டிருக்கேன்."