காலி நாற்காலியிடம் கேட்ட கேள்வி

நகரக் குடிநீர்ப் பிரிவில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து, சுத்திகரிப்பு நிலையத்தின் மேற்பார்வையாளராக ஓய்வு பெற்ற அவரை அங்கே எல்லாரும் 'ஸ்கேல்' என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் யாருக்கும் இருந்ததில்லை. ஆனாலும் அவருக்குத் தெரியும். வளையாத ஒரு பொருளின் பெயரைத்தானே வைத்திருக்கிறார்கள் என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

ஊரில் குழாய்த் தண்ணீர் கெட்டு இருநூறு பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் படுத்தபோது, அவர் ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகியிருந்தது. தேர்தலுக்கு ஆறு வாரம் இருந்தது. நிலையத்தைக் கட்டியவர் முந்தைய மேயர். அங்கே மணிக்கொரு தடவை தண்ணீரை எடுத்துக் குளோரின் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவந்த ஆட்களை வீட்டுக்கு அனுப்பியவர் இப்போதைய மேயர். தப்பு கட்டியதிலா, கவனிக்காமல் விட்டதிலா என்பதுதான் தெருவெல்லாம் பேச்சு. விஷயம் தெரிந்த மனிதர் என்று டிவிக்காரர்கள் அவருடைய வாசலுக்கு வந்தார்கள். சொன்னதைத் திரித்துவிடுவார்கள் என்று இரண்டு சேனல்காரர்களை அவர் வாசலோடு அனுப்பிவைத்தார்.

மூன்றாவது சேனலை அப்படி அனுப்ப முடியவில்லை. அதில் செய்தி ஆசிரியராக இருந்தவர் அவருடைய மாப்பிள்ளை. ஒரே மகளைக் கட்டியவர். அவர் வீட்டுக்குள் நுழைந்தால் இவர் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். பதினோரு வருஷத்தில் அவரிடம் குரலை உயர்த்தியதில்லை. அந்தச் சேனல் இப்போதைய மேயருக்கு வேண்டியது என்று ஊருக்கே தெரியும். இவருக்கும் தெரியும். ஆனால் மாப்பிள்ளை, நீங்கள் பேசினால் மட்டும்தான் ஜனங்கள் நம்புவார்கள், நீங்கள் சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் போடுகிறேன், அதற்கு நான் பொறுப்பு என்று சொன்னார். அந்தப் 'பொறுப்பு' என்ற வார்த்தைக்கு இவர் மயங்கிவிட்டார் என்றே சொல்ல வேண்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மாப்பிள்ளையும், நிருபர் பெண்ணும், கேமராக்காரரும் வந்தார்கள். கூடத்தில் ஜன்னலுக்கு எதிரே இவரை உட்காரவைத்தார்கள். நிருபர் பெண் மரியாதையாகக் கேட்டாள், இவரும் நிதானமாகப் பதில் சொன்னார். நிலையம் திறந்தபோது எல்லாம் சரியாக இருக்கிறது என்று சான்றிதழில் கையெழுத்துப் போட்டது நீங்கள்தானா என்று கேட்டாள். "அதுல கையெழுத்துப் போட்டவன் நான்தான். அந்தப் பொறுப்பை இன்னொருத்தர் தலையில கட்ட மாட்டேன்" என்றார். சொல்லும்போதே முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. பிறகு, கட்டியதில் ஒரு குறையும் இல்லை, பதினோரு வருஷம் தன் கையால் சோதித்த தண்ணீர், சோதனை ஆட்களை நீக்கியது மகா தப்பு, அப்போதே தான் எழுதிக் கொடுத்தும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். இருபது நிமிஷம் ஓடியது.

முடிந்ததும், வந்தவர்களுக்குத் தேநீர் ஆயிற்றா என்று பார்க்க உள்ளே போனார். மனைவி பாலைக் காய்ச்சிக்கொண்டிருந்தாள். நிருபர் பெண்ணுக்குச் சர்க்கரை குறைவாக வேண்டும் என்று மாப்பிள்ளை சொல்லியிருந்ததால், அந்தக் கோப்பையை மட்டும் இவரே கலக்கினார். திரும்பி வந்தபோது கேமரா இடம் மாறி, நிருபர் பெண்ணைப் பார்த்து நின்றது. கேமரா ஒன்றுதான், மாமா, அதனால் அவள் கேட்டதையெல்லாம் இன்னொரு தடவை கேட்கச் சொல்லித் தனியாக எடுத்துக்கொண்டோம், எல்லா சேனலிலும் இதுதான் வழக்கம் என்றார் மாப்பிள்ளை. காலி நாற்காலியைப் பார்த்துக் கேள்வி கேட்கிற வேலையும் ஒரு வேலையா என்று இவர் சிரித்தார். அவர்களும் சிரித்தார்கள்.

பிறகு கேமரா மறுபடியும் இவர் பக்கம் திரும்பியது. இவர் கேள்வியைக் கவனித்துக் கேட்பது போல நாலைந்து காட்சி வேண்டுமாம், ஒட்டுப்போட. சத்தம் பதிவாகாது, சும்மா உட்கார்ந்திருங்கள் போதும் என்றார்கள். சும்மா உட்காரச் சொன்னால் இவருக்குக் கை கால் விறைத்துவிடும். அதைப் பார்த்த மாப்பிள்ளை, கேமராவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பேத்தியைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தார்.

"சின்னவ ஓட்டப்பந்தயத்துல முதல் பரிசு வாங்கிட்டா மாமா. மேடையில அப்படியே உங்கள மாதிரி நிமிர்ந்து நின்னு வாங்கினா. டீச்சர்கூடக் கேட்டாங்களாம், இது யாரோட சாடைன்னு."

இவருக்குப் பேத்தி மேடையில் நிற்பது கண்ணில் தெரிந்தது. மெல்லத் தலையை ஆட்டினார். கண் கலங்கியதை அந்நியர் முன்னால் காட்டக் கூடாதென்று ஒரு கணம் கண்ணை மூடித் தலையைக் குனிந்துகொண்டார். "போதும், அருமையா வந்திருக்கு" என்றார் கேமராக்காரர்.

வியாழக்கிழமை மாலை ஏழு மணிச் செய்தியில் அது வந்தது. இவரும் மனைவியும் டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் கொட்டை எழுத்தில் ஒரு தலைப்பு: முந்தைய மேயர் காலத்துக் கோளாறை ஒப்புக்கொண்டார் மேற்பார்வையாளர். அப்புறம் நிருபர் பெண் தெரிந்தாள். "நிலையத்தைத் திறக்கும்போதே அதில் கோளாறு இருந்தது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். இவருடைய முகம் வந்தது. மெல்லத் தலையை ஆட்டிற்று. கண்ணை மூடிக் குனிந்தது. உலகத்தில் இதைவிடக் குற்றமுள்ள ஒரு முகத்தை யாரும் பார்த்திருக்க முடியாது. பிறகு இவருடைய குரல், இவருடையதேதான்: அதுல கையெழுத்துப் போட்டவன் நான்தான். அந்தப் பொறுப்பை இன்னொருத்தர் தலையில கட்ட மாட்டேன்.

அவ்வளவுதான். ஐம்பது விநாடி இருக்கும். அடுத்து இப்போதைய மேயர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குப் பழம் கொடுத்தார்.

மனைவி ஒன்றும் புரியாமல், நீங்கள் இப்படியா சொன்னீர்கள் என்று கேட்டாள். முப்பத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவளே கேட்டுவிட்டாள் என்றால் ஊரைச் சொல்ல வேண்டுமா?

மறுநாள் முடிவெட்டும் கடைக்குப் போனார். போகாமல் இருந்தால் பயந்து பதுங்கிவிட்டான் என்பார்கள். கடைக்காரர் துண்டைப் போர்த்திக்கொண்டே, டிவியில் நல்ல நிறமாகத் தெரிந்தீர்கள் என்று பேச்சை எங்கோ கொண்டுபோகப் பார்த்தார். பக்கத்து நாற்காலியில் முகத்தில் சோப்பு நுரையோடு இருந்தவர், கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினார்.

"தலையை நல்லாத்தான் ஆட்டினாரு. என் மக பத்து நாளா ஆஸ்பத்திரியில கிடக்குறா. தெரிஞ்சே கையெழுத்துப் போட்டிருக்காரு பாருங்க, பெரிய மனுஷன்."

கடையில் கத்தரி ஓசை நின்றது.  நான் ஆட்டியது என் பேத்திக்காக என்று அந்தத் தகப்பனிடம் எப்படிச் சொல்வது? பாதி வெட்டிய தலையோடு எழுந்து வர முடியாததால், முழுவதும் வெட்டி முடியும்வரை அங்கேயே அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

வீடு திரும்பியபோது நகர மன்றத்திலிருந்து ஆள் மூலம் ஒரு கடிதம் வந்திருந்தது. தொலைக்காட்சியில் தாங்களே ஒப்புக்கொண்டபடி, கோளாறு தெரிந்தும் பொய்ச் சான்றிதழ் கொடுத்ததற்காகத் தங்கள் மீது ஏன் வழக்குத் தொடரக் கூடாது, ஏழு நாளுக்குள் விளக்கம் தரவும். முப்பத்தொரு வருஷத்தில் யாரும் அவரிடம் விளக்கம் கேட்டதில்லை. அந்தக் கடிதத்தை அவர் இரண்டு தடவை படித்தார். சிறைக்குப் போவதைப் பற்றிக்கூட அவர் நினைக்கவில்லை. தன் கையெழுத்து பொய்யென்று ஒரு காகிதத்தில் ஏறிவிட்டது, அதுதான் அவரை அரித்தது.

அப்போதும் அவர் மாப்பிள்ளையைச் சந்தேகிக்கவில்லை. அலுவலகத்தில் யாரோ செய்த வேலை, அவருக்கே தெரிந்திருக்காது என்று மனைவியிடம் வாதாடினார். முழுப் பதிவையும் வாங்கி விளக்கத்தோடு இணைத்தால் போதும், எல்லாம் தெளிந்துவிடும். போன் செய்தார். மாப்பிள்ளை எடுக்கவில்லை. மகள் எடுத்து, ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறோம் என்றாள்.

இடையில் சனிக்கிழமை, சேனல் அந்தக் காட்சியை மறுபடி ஓட்டியது. இந்தத் தடவை அவர் தன் முகத்தைப் பார்க்கவில்லை. அதைப் பார்க்கும் தெம்பு இல்லை. நிருபர் பெண்ணைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் ஒரு திரைச்சீலை தொங்கியது. நீலத்தில் வெள்ளைக் கோடு. ஓரத்தில் இஸ்திரிப்பெட்டி சுட்ட பழுப்புக் கறை. இவர் தலையைத் திருப்பித் தன் வீட்டுக் கூடத்து ஜன்னலைப் பார்த்தார். நீலத்தில் வெள்ளைக் கோடு. ஓரத்தில் பழுப்புக் கறை.

அந்தக் கேள்வியை அலுவலகத்தில் யாரும் பிறகு சேர்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை, இதே கூடத்தில், இவருடைய காலி நாற்காலியைப் பார்த்துக் கேட்டிருக்கிறார்கள். இவர் உள்ளே அவளுக்குச் சர்க்கரை குறைத்துக் கலக்கிக்கொண்டிருந்தபோது. மாப்பிள்ளை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது. அதற்கப்புறம்தான் பேத்தியின் பரிசைச் சொல்லியிருக்கிறார். தலையாட்டு எங்கே ஒட்டப்போகிறது என்று தெரிந்தே சொல்லியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தபோது இவர் நாற்காலியை விட்டு எழவில்லை. வாங்க என்று மட்டும் சொன்னார். மாப்பிள்ளை அதைக் கவனித்தார். உட்கார்ந்து, செய்திப் பிரிவில் ஒரு பையன் அவசரத்தில் தப்பாக ஒட்டிவிட்டான், அவனை நன்றாகத் திட்டிவிட்டேன் என்று ஆரம்பித்தார். முழுப் பதிவு? இடம் போதாமல் அழித்துவிட்டார்களாம்.

இவர் ஜன்னலைக் காட்டினார்.  மாப்பிள்ளை திரைச்சீலையைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

பேசியது மகள்தான். புருஷன் தலைகுனிந்திருப்பது பொறுக்காமல் பொங்கிவிட்டாள். மேலிடத்தில் அவரைக் கூப்பிட்டு, உங்கள் மாமனாரைப் பேசவையுங்கள், இந்த மாதிரி வேண்டும், இல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார்களாம். மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம். தன்னிடம் சொல்லி அழுதாராம்.

"எப்போ சொன்னாரு?" என்று கேட்டார் இவர்.

"முந்தின ஞாயித்துக்கிழமை."

 செவ்வாய்க்கிழமைக்கு முந்தின ஞாயிறு. அன்று மகள் போனில், அப்பா, அந்தச் சாம்பல் நிறச் சட்டையைப் போடுங்கள், டிவியில் எடுப்பாக இருக்கும் என்று சொன்னது இவருக்கு நினைவுக்கு வந்தது. மாப்பிள்ளை மேல் இருந்த கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது. அவர் வந்தவர். இவள் இந்த வீட்டில் பிறந்தவள்.

"தெரிஞ்சும் நீ என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"சொன்னா நீங்க பேச மாட்டேன்னுடுவீங்க. அப்பா, நீங்க ரிட்டயர் ஆனவங்க. உங்களுக்கு இனிமே போறதுக்கு என்ன இருக்கு? அவருக்கு இன்னும் இருபது வருஷம் சர்வீஸ் இருக்கு."

அவள் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. கணக்குப் பார்த்து, நியாயம் என்று நம்பித்தான் சொன்னாள். அதனால்தான் அது எலும்புவரை இறங்கியது.

மாப்பிள்ளை கடைசியாக வாய் திறந்தார். விளக்கத்தில், என் பேச்சு தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது என்று பொதுவாக எழுதிவிடுங்கள் மாமா, தேர்தல் முடிந்ததும் எல்லாம் அடங்கிவிடும், தலையாட்டு எடுத்த விவரம் மட்டும் வேண்டாம் என்று கெஞ்சினார். அதை எழுதினால் சேனலே தன்னைப் பலி கொடுத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ளும் என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. இவர் எழுந்து போய் வாசல் கதவைத் திறந்துவைத்தார்.

திங்கட்கிழமை காலை எழுத உட்கார்ந்தார். எந்தக் கேள்விக்கு எந்தப் பதில், எந்தக் கேள்வி தன்னிடம் கேட்கப்படவேயில்லை, அது காலி நாற்காலியிடம் கேட்கப்பட்ட நேரத்தில் தான் எங்கே இருந்தார், எதைக் கேட்டுத் தலையாட்டினார், சொன்னது யார், எல்லாம் இரண்டு பக்கத்தில் வந்துவிட்டது. மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். பெயர் வந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"பேரு மட்டும் வேண்டாங்க. பொண்ணு வாழ்க்கை."

இவர் பேனாவை எடுத்துப் பெயரை அடிக்கப்போய் நிறுத்தினார். அடித்தல் திருத்தலோடு ஒரு காகிதத்தை வெளியே அனுப்பிப் பழக்கமில்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினார். பெயர் இருந்த இடத்தில் 'என் மகளின் கணவர்' என்று எழுதினார். மனைவி மறுபடி படித்தாள். படித்துவிட்டு, இதற்குப் பேரையே போட்டிருக்கலாம் என்றாள்.

"பேரு அவரோடது. இந்த உறவு நம்மளோடது. அடுத்தவங்க குடும்பம் மாதிரி நான் எழுத முடியாது."

மகள் அதற்குள் போனில் அம்மாவிடம் சொல்லியிருந்தாள்: அப்பா அதைக் கொடுத்தால் இனி அந்த வாசற்படி மிதிக்க மாட்டோம், பேத்தியையும் அனுப்ப மாட்டோம். மனைவி அதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் இவரிடம் சொன்னாள். இவர் சட்டையை மாட்டிக்கொண்டார். பஸ்ஸில் போய், நகர மன்ற அலுவலகத்தில் வரிசையில் நின்று, கடிதத்தைக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டார். முத்திரை குத்தியவர் முகத்தைப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டு, பக்கத்து மேசைக்காரருக்குக் கண்ணைக் காட்டினார். இவர் அதையும் பார்த்துக்கொண்டே, முத்திரையில் தேதி சரியாக விழுந்திருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

வீட்டுக்குள் நுழையும்போது போன் அடித்துக்கொண்டிருந்தது. மனைவி எடுக்காமல் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"எடு. உன் பொண்ணுதானே, பேசு" என்று சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். மனைவியின் குரல் கேட்டது. "கொடுத்துட்டு வந்துட்டாரு." அதற்கப்புறம் வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பக்கம் பேசுகிறார்களா, வைத்துவிட்டார்களா என்று அவருக்குத் தெரியவில்லை. எழுந்து போய்க் கேட்கவும் இல்லை.