கையெழுத்தைக் கிட்டத்தில் எடுப்பவள்

சனிக்கிழமைகளில் நான் கல்யாண வீடியோக்காரி. மற்ற நாட்களில், மணிலா விரிகுடாவில் மண்ணைக் கொட்டி மேடாக்கும் கம்பெனிக்கு எதிராகக் கேமரா பிடிப்பவள். இரண்டு பக்கமும் பேச்சு வாங்கியாகிவிட்டது. மணப்பெண்ணின் அப்பா, நீ அந்தச் சிவப்புக் கும்பல் இல்லையே என்று விசாரிப்பார். கம்பெனியை எதிர்க்கும் எங்கள் சங்கத்தாரோ என்னைக் ‘கேக் டைரக்டர்’ என்பார்கள். யாரையும் நான் சட்டை செய்ததில்லை. வேலை தெரிந்தவளுக்கு என்ன வெட்கம்?

எங்கள் சங்கச் செயலாளர் நோனோய்க்குக் கொடியும் கூட்டமும் ஓங்கிய கையும்தான் படம். புதன்கிழமை, கம்பெனி இடிக்கப் பார்க்கும் தம்பக் குப்பத்துத் தேவாலயத்தில் கம்பெனி ஆட்கள் வீட்டுக்கு ஒரு பை அரிசி கொடுத்தார்கள். வாங்கியவர்கள் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். நான் மேசையருகே குனிந்து கைகளையே எடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் கல்யாணங்களில் ஞானப்பெற்றோர் சாட்சிகளாக வரிசையில் வந்து திருமணத் தாளில் கையெழுத்திடுவார்கள். முதலில் தாளின் தலைப்பு, பிறகு கை, பிறகு முகம். ஒரு ஞானத்தாயின் கை விடுபட்டால் அந்தக் குடும்பம் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடும். பத்தொன்பது வருஷப் பழக்கம், கேமரா தானாக அங்கே போகிறது.

நோனோய்க்கு எரிச்சல்.

“கூட்டத்த எடுங்கக்கா. இது என்ன கல்யாண ரிஜிஸ்டரா?”

“நீ கொடியப் புடி. கேமராவ நான் புடிச்சுக்கறேன்.”

வெள்ளிக்கிழமை காலை நகரமன்ற விசாரணை. குப்பத்தை இடிக்க அனுமதியா இல்லையா என்று அன்றே முடிவு. கம்பெனி வக்கீல் ஒரு கட்டுத் தாளை நீட்டினார். இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களும் வீட்டைக் காலி செய்யச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கின்றனவாம். குப்பத்து ஜனம் தாள்களை எட்டிப் பார்த்தது. கையெழுத்தெல்லாம் அவர்களுடையதுதான். நான் எழுந்து, என்னிடம் படம் இருக்கிறது என்றேன். தலைமை வகித்த கவுன்சிலர் பெலார்மினா அம்மா மதியம் இரண்டு மணிவரை அவகாசம் கொடுத்தார்.

மூன்று மணி நேரம். காலையில் தேவாலயத்தில் எடுத்ததை வெட்டி ஒட்டி, அன்று மாலை விருந்திலேயே திரையில் ஓட்டிக் காட்டுவது எங்கள் ஊர்க் கல்யாண வழக்கம். மூன்று மணி நேரமெல்லாம் எனக்கு ஜுஜுபி. கேண்டீனில் கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். பாட்டு கிடையாது, கோஷம் கிடையாது. தலைப்பு, கை, முகம், அவ்வளவுதான்.

இரண்டு மணிக்குப் படம் ஓடியது. தாளின் தலைப்பில் ‘அரிசி பெற்றுக்கொண்டவர்கள்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அது வேறு தாள் என்று வக்கீல் சிரித்தார். குப்பத்து மீன்காரர் இஸ்கோ அண்ணன் கட்டைவிரல் ரேகை வைக்கும் இடத்தில் படத்தை நிறுத்தினேன். கணவாய் மீன் கழுவிய கையோடு வந்திருந்தார் மனுஷன். ரேகைக்குப் பக்கத்தில் கணவாய் மை பிறை மாதிரி அப்பியிருந்தது. கவுன்சிலரம்மா வக்கீல் கொடுத்த தாள்கட்டைப் புரட்டினார். பதினாலாம் பக்கத்தில் அதே ரேகை, அதே பிறை. மேலே தலைப்பு மட்டும் வேறு.

மைக்கை வக்கீல் பக்கம் தள்ளினார். “திரையில இருக்கற தலைப்ப வாசிங்க.”

கண்ணாடி கொண்டுவரவில்லை என்றார் வக்கீல்.

“பரவால்ல, பெருசாத்தான் இருக்கு. வாசிங்க.”

வாசித்தார். குரல் வெளியே வரவில்லை. சத்தமாக வாசிக்கச் சொன்னார் அம்மா. மறுபடி வாசித்தார்.

“அரிசி வாங்கினவன் வீட்டக் காலி பண்ணணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு, வக்கீல் சார்?”

இடிக்க அனுமதி இல்லை என்றும், அந்தக் கட்டு போலீசுக்குப் போகும் என்றும் அம்மா அறிவித்தார். நோனோய் என் தோளைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

பின்வரிசையிலிருந்து இஸ்கோ அண்ணன் எழுந்தார்.

“அதுவும் புழுத்த அரிசிம்மா. வீட்டுக்குப் பதிலா குடுக்கறாங்கன்னு தெரிஞ்சிருந்தா அங்கயே அவங்க மூஞ்சில கொட்டிட்டு வந்திருப்பேன்.”