நாற்பத்தைந்து டிகிரி

சிமெண்ட் ஆலையின் ஆய்வகத்தில் அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே அண்ணன்தான். அவன் அங்கே அரவை மில் ஆபரேட்டர். ஆறு வருடம் நிலக்கரியை ஓவனில் நூற்றைந்து டிகிரியில் காயவைத்து ஈரம் பார்த்தவளைப் போன வாரம்தான், சிமெண்ட் சட்டென்று இறுகிவிடாமல் இருக்கச் சேர்த்து அரைக்கும் ஜிப்சத்துக்கு மாற்றினார்கள். ஜிப்சத்துக்கு நாற்பத்தைந்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கல்லுக்குள்ளேயே கலந்திருக்கும் தண்ணீரும் கழன்று, ஈரக் கணக்கில் சேர்ந்துவிடும். இதை அவள் படித்துத்தான் இருந்தாள். படித்து என்ன! பழக்கதோஷம், கை தன் பாட்டுக்கு ஓவனை நூற்றைந்தில் திருப்பியது.

‘ஈரம் பதினெட்டு சதவீதம்’ என்று சீட்டு எழுதினாள்.

சீட்டைப் பார்த்த மேனேஜர் தாம்தூம் என்று குதித்தார். ஈர ஜிப்சம் மில்லுக்குள் அப்பிக்கொள்ளும் என்று, மில்லைக் குளிரவைக்கும் தண்ணீரை நிறுத்தச் சொன்னார். வாயால்தான் சொன்னார், எழுதிக் கொடுக்க அவருக்கென்ன பைத்தியமா? மில் கொதித்தது. நல்ல ஜிப்சம் அந்தச் சூட்டில் வெந்து பாழானது. அந்தச் சிமெண்டைக் குழைத்த கொத்தனார்கள், கரண்டியிலேயே இறுகிப்போகிறது என்று மூட்டைகளைத் திருப்பி அனுப்பினார்கள்.

விசாரணையில் மேனேஜர் வாயே திறக்கவில்லை. மில்லைச் சூடாக ஓட்டிவிட்டான் என்று பழி முழுவதும் அண்ணன் தலையில் விழுந்தது. இருபது வருட வேலை ஒரே காகிதத்தில் போனது.

அன்று மத்தியானம்தான் அவள் ஓவன் முள்ளை நின்று பார்த்தாள். அது இன்னும் நூற்றைந்திலேயே நின்றது. அண்ணன் தன் அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்த இடத்துக்கு ஓடினாள்.

“தப்பு என்னோடது அண்ணே. ஓவனைத் தப்பா வச்சிட்டேன். இப்பவே மேனேஜர்கிட்ட சொல்லிடறேன்.”

“சொன்னா? என்னைத் திரும்பக் கூப்பிடவா போறாரு? உன்னையும் சேர்த்து அனுப்புவாரு. அப்புறம் அம்மாவுக்கு மருந்து யாரு வாங்குறது? பேசாம இரு.”

“நீயாவது ஜிப்சத்தைத் தொட்டுப் பார்த்திருக்கலாம்ல?”

அவன் சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைத்தான்.

“பார்க்காம என்ன? அன்னைக்கே ஒரு பிடி அள்ளிப் பார்த்தேன். காஞ்சுதான் இருந்துச்சு.”

“அப்ப ஏன் சொல்லல?”

“சீட்டுல உன் கையெழுத்து இருந்துச்சு. படிச்ச புள்ள, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்.”

அவளுக்கு அழக்கூட வரவில்லை. ஆய்வகத்துக்குத் திரும்பினாள். அடுத்த லாரியின் ஜிப்சம் மேசையில் காத்திருந்தது. ஓவனை நாற்பத்தைந்தில் வைத்தாள். முள்ளை மூன்று தரம் பார்த்தாள். இனி எத்தனை தரம் பார்த்து என்ன?