நாற்பத்தொன்றாம் ரேக்

கல்லூரியில் அந்தப் படிப்புக்குப் பெயர் சப்ளை செயின் மேனேஜ்மென்ட். ஒரு பொருள் கிளம்பிய இடத்திலிருந்து போக வேண்டிய இடத்துக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்பதை மூன்று வருடம் சொல்லிக்கொடுத்தார்கள். படித்தவர்கள் எப்படிப் போய்ச் சேருவது என்பது மட்டும் பாடத்திட்டத்தில் இல்லை. அதற்காகக் கடைசி மூன்று மாதம் ஏதாவதொரு கம்பெனியில் பயிற்சி, முடிவில் ஒரு ப்ராஜெக்ட் அறிக்கை. அறிக்கை பிடித்துவிட்டால் அங்கேயே வேலை. பிடிக்காவிட்டால் ‘உங்கள் எதிர்காலத்துக்கு வாழ்த்துகள்’ என்று ஒரு காகிதம். அந்தக் காகிதத்தோடு முந்தைய வருடத்துப் பிள்ளைகள் பாதிப் பேர் இன்னும் வீட்டில்தான் இருந்தார்கள்.

அவளுக்குக் கிடைத்தது ஊருக்கு வெளியே இருந்த பெரிய கிடங்கு. அவளுடைய அம்மா பதினோரு வருடமாகப் பேக்கிங் செய்கிற அதே கிடங்கு.

முதல் நாள் கம்பெனி பஸ்ஸில் ஏறுமுன்பே அம்மா சொல்லிவிட்டாள்: “இங்க பாரு. கேட்டுக்குள்ள போனா நான் உனக்கு அம்மா இல்ல. பேக்கிங் அம்மா. எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுறாங்க, நீயும் அப்படியே கூப்பிடு.”

“எதுக்கும்மா?”

“என் பொண்ணுன்னு தெரிஞ்சா உன் கையிலயும் டேப்பைக் குடுத்து உக்கார வச்சிருவாங்க. உனக்கு வேண்டியது மேசை.”

மேசை கிடைத்தது. முற்றத்துக்கு எதிர்ப்பக்கக் கட்டடத்தில், மாடியில், ஏசி அறையில். கிடங்குக்குள் கால் வைக்கத்தான் முடியவில்லை. உள்ளே போக முனையில் இரும்பு வைத்த பாதுகாப்பு ஷூ வேண்டும், விதி. அவள் காலுக்கு ஐந்தாம் நம்பர். அம்மாவுக்கும் அதே அளவுதான். வீட்டு வாசலில் இருவர் செருப்பும் மாறிப்போவது வழக்கம்.

ஸ்டோர் கீப்பர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்து, “அஞ்சாம் நம்பர் பதினாலு ஜோடி இருக்கு. எடுத்துத் தரச் சொல்றேன்” என்றார். மறுவாரம் கேட்டாள். மறுபடியும் தட்டினார். “இருக்கேம்மா. சிஸ்டம் பளிச்சுனு காட்டுதே.” சிஸ்டம் காட்டியதே ஒழிய ஷூ கண்ணில் படவில்லை. மூன்றாம் வாரம் அவள் கேட்பதை விட்டுவிட்டாள்.

கிடங்கைப் பார்க்காமல் கிடங்கைப் பற்றி எப்படி எழுதுவது? பேராசிரியருக்கு ஃபோன் செய்தாள். அவர் இருபது வருடமாகக் கிடங்குகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர். வீட்டில் பரணைக்கூட ஏறிப் பார்த்ததில்லை.

“பார்க்கிறதுக்கு வாட்ச்மேன் இருக்கான். நீ மேனேஜ்மென்ட். டேட்டாவைப் பார். டேட்டா பொய் சொல்லாது.”

அந்த வாக்கியத்தையே அறிக்கையின் முதல் வரியாக வைத்துக்கொண்டாள்.

டேட்டாவைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஒரு ரேக்கின் மேல் மட்டும் காதலே வந்துவிட்டது. நாற்பத்தொன்றாம் ரேக். மற்ற ரேக்குகளில் ஒன்றில் உடைசல், ஒன்றில் எலி, ஒன்றில் கூரை ஒழுக்கு. நாற்பத்தொன்றில் மருந்துக்குக்கூட ஒரு குறை இல்லை. பிஸ்கட் பெட்டி முதல் வாஷிங் மெஷின் வரை எதை ஏற்றினாலும் நிறையவே இல்லை. அதைவிட அதிசயம், அங்கே ஒரு சாமானை வைக்க ஆகும் நேரம் ஒரே ஒரு நொடி.

ஒரு நொடியில் வாஷிங் மெஷினைத் தூக்கி வைக்கிற பீமன் யார் என்று தெருமுனைப் பெட்டிக்கடைக்காரர்கூடக் கேட்டிருப்பார். பட்டப்படிப்பு படித்தவள் ‘முன்மாதிரி நடைமுறை’ என்று எழுதி, வண்ண வண்ணமாகப் படம் போட்டு, மீதி ரேக்குகளையும் இதேபோல நடத்த வேண்டும், இதன் ஊழியர்களை மேடையேற்றிக் கௌரவிக்க வேண்டும் என்று பரிந்துரையும் செய்துவிட்டாள். பேராசிரியர் அறிக்கையின் அட்டையைப் படித்துவிட்டு ‘அருமை’ என்றார். கிடங்கு மேலாளர் அட்டையைக்கூடப் படிக்கவில்லை. நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தைக் கையில் தூக்கி எடை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அறிக்கையைக் கம்பெனிக்காரர்கள் முன்னால் விளக்க வேண்டிய நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம், வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று ஆங்கிலத்தில் ஒத்திகை பார்த்தாள். பின்னால் அம்மா வேலைச் சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். அந்த ஆங்கில வெள்ளத்தில் அவள் காதுக்குப் பிடிபட்டது ‘ஃபார்ட்டி ஒன்’ மட்டும். மடித்த கை நின்றது.

“நாப்பத்தொண்ணா? அதைப் பத்தி எதுக்குடி பேசுற?”

“அதான்மா இருக்கிறதிலேயே பெஸ்ட் ரேக்.”

“அதுவா? அது வந்து...”

“அம்மா, இது வேற லெவல். உனக்குப் புரியாது.”

அம்மா பாதி மடித்த சட்டையை மறுபடி உதறினாள். “மேனேஜருக்குத் தெரியுமா?”

“கையெழுத்தே போட்டுட்டாரு.”

அவரே போட்டுவிட்டார் என்றதும் அம்மா சட்டையைத் தொடர்ந்து மடித்தாள்.

மறுநாள் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற மனிதர், நாற்பத்தொன்றாம் ரேக்கின் படம் திரையில் வந்ததும் ஆட்டுவதை நிறுத்தினார். மேலாளர் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் புரையேறியது.

“இதைப் பார்த்தே ஆகணுமே!” என்று எழுந்தார் அதிகாரி. பாதுகாப்பு ஷூவைப் பற்றி யாரும் பேசவில்லை. விதி பெரிய கால்களுக்குப் பொருந்தாது. பெரிய கால்களின் பின்னால் அவளும் செருப்போடு முதன்முறையாகக் கிடங்குக்குள் போனாள்.

முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. நாற்பது. அதற்கு அப்புறம் ஒரு சுவர். சுவரில் ஒரு விளக்குமாறு சாத்தியிருந்தது. பக்கத்தில் நெருப்பணைக்க ஒரு வாளி மணல்.

“நாப்பத்தொண்ணு எங்க?”

எல்லாரும் மேலாளரைப் பார்த்தார்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநருக்கு மட்டும் அடக்க முடியவில்லை. “சார், தேடிக் கிடைக்காத சாமான் எல்லாம் அங்கதான் சார் இருக்கு. அதனாலதான் கிடைக்கல.”

விஷயம் அவ்வளவுதான். மாதக் கடைசியில் கணக்கு இடிக்காமலிருக்க, காணாமல்போன சரக்கைக் கம்ப்யூட்டரில் கொண்டுபோய் வைப்பதற்காக மேலாளர் திறந்த ரேக் அது. “கிடைக்கலையா, நாப்பத்தொண்ணுல போடு” என்பார். பேக்கிங் மேசையில் இருப்பவர்கள் கம்ப்யூட்டரில் தங்கள் ஊழியர் நம்பரை அடித்து ஒரு தட்டுத் தட்டுவார்கள். அதுதான் அந்த ஒரு நொடி. அவளுடைய பதினாலு ஜோடி ஷூவும் அங்கேதான் பத்திரமாக இருந்தது.

அவள் திரும்பினாள். பேக்கிங் மேசையில் அம்மா கையில் டேப்போடு அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அடடா, என் மூக்குக்குக் கீழேயே இவ்வளவு நடந்திருக்கா!” என்றார் மேலாளர். அதிகாரி அதை நம்பவில்லை. ஆனால் மேலாளரை நீக்கினால், இவரை நியமித்தது யார் என்ற கேள்வி வரும், நியமித்தவர் அதிகாரியேதான். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பதற்கு நிர்வாக மொழியில் ‘உள் விசாரணை’ என்று பெயர்.

“எங்க கண்ணைத் திறந்துட்டம்மா” என்று அதிகாரி அவள் கையைக் குலுக்கினார். திங்கட்கிழமையிலிருந்து வேலை. சரக்கிருப்புச் சரிபார்ப்பு அலுவலர். ஆனால் முதல் பணி அன்றைக்கே: நாற்பத்தொன்றில் சரக்கு ஏற்றியவர்களின் பட்டியல்.

பட்டியல் எடுக்க ஐந்து நிமிடம் ஆனது. உச்சியில் மூவாயிரத்துச் சொச்சம் பதிவுகளோடு ஓர் ஊழியர் எண். வீட்டு ஆணியில் தினமும் தொங்குகிற அடையாள அட்டையில் இருக்கிற எண்.

“நீங்க சொல்லித்தானே சார் அவங்க போட்டிருப்பாங்க?” என்றாள் மேலாளரிடம்.

“நான் சொன்னது எழுத்துல இருக்கா?” அவர் சிரித்தார். அறிக்கையைக் கடைசியில் படித்தேவிட்டார் போலிருக்கிறது. “டேட்டா பொய் சொல்லாதும்மா. உன் முதல் வரியே அதானே. மேல இருக்கிற இந்த நம்பர் யாரு?”

அவள் வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

“பேக்கிங் அம்மா, சார்.”

இரண்டு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை, அம்மாவைக் கணக்குத் தீர்த்து அனுப்பினார்கள். வீட்டில் இருவரும் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

“வேலை வேண்டாம்னு சொல்லிடுறேன்மா.”

“சொல்லிட்டு? ரெண்டு பேருமா உக்காந்து மோட்டுவளையைப் பாக்கலாமா? போ. போய்ச் சேரு.”

“நீ ஏம்மா அன்னிக்கே சொல்லல?”

“புரியாதுன்னியே.” அம்மாவின் குரலில் கோபம் இருந்திருந்தால் அவளுக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். “மேனேஜரும் கையெழுத்துப் போட்டாருன்ன. சரி, நாம பொய்க்குத் தட்டினதுக்கும் படிப்புல ஏதோ பெரிய அர்த்தம் இருக்கும்போலன்னு நெனச்சுட்டேன்டி.”

திங்கட்கிழமை ஸ்டோர் கீப்பர் அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். “வந்துட்டியா! கடைசியில கிடைச்சிருச்சு பாரு. அஞ்சாம் நம்பர், ஒரு ஜோடி. வெள்ளிக்கிழமைதான் திரும்பி வந்துச்சு.”

இடது குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. அறுந்த கயிறு பேக்கிங் டேப் சுற்றி ஒட்டப்பட்டிருந்தது. அப்படிச் சுற்றும் கை யாருடையது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. குனிந்து காலை நுழைத்தாள்.

“அளவு எப்படி?”

“சரியா இருக்கு.”

கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிடங்குக்குள் நடந்தாள். பேக்கிங் மேசையில் ஒரு ஸ்டூல் காலியாக இருந்தது. அதற்கு அடுத்த ஸ்டூலில் இருந்த அக்கா நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தாள், பார்த்துவிட்டு, டேப்பைச் சர்ரென்று இழுத்து அடுத்த பெட்டியை ஒட்டினாள்.